தரை தொடும் கணம்

ஓடி, ஏறி, பாய்ந்து தடைகளைத் தாண்டும் பார்கூர் என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். இரண்டு கட்டிடங்கள், நடுவில் வெறும் ஆகாயம், அதில் கைகாலை விரித்தபடி ஓர் இளைஞன். சினிமா விளம்பரத்திலும் பத்திரிகை அட்டையிலும் அதே படம். நான் பார்கூர் பழகுகிறேன், பழகுகிறவர்களைப் படமாகவும் கீறுகிறேன். ஆனால் அந்தப் படத்தை மட்டும் கீறுவதில்லை. அந்தரத்தில் இருக்கும் உடலைக் காகிதத்தில் போட்டால் அது பாய்கிறதா, விழுகிறதா, கயிற்றில் தொங்குகிறதா என்று சொல்ல முடியாது. அந்த உடல் எதன்மீதும் பாரத்தைப் போடவில்லை. பாரம் இறங்காத இடத்தில் கோட்டுக்கு வேலை இல்லை. பாய்ச்சல் முழுவதும் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: கால் சுவரை உதைத்து எழும் கணத்தில், மறுபடி தரையைத் தொடும் கணத்தில். அந்த இரண்டையும் சரியாகக் கீறிவிட்டால் நடுவில் இருக்கும் ஆகாயத்தைப் பார்ப்பவர் கண் தானே போட்டுக்கொள்ளும்.

நான் இருப்பது பாரிஸுக்குத் தெற்கே, எவ்ரியில். லாசப்பலுக்குச் சாமான் வாங்கப் போய் வரும் நம்மவர்களுக்கு அந்த ரயிலைத் தெரியும். கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். டி ஏறினால் எங்கள் ஊரில் கொண்டுவந்து விடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து பள்ளிக்கூட வயதில் இங்கே வந்தவள். கிழமை நாட்களில் சிறுவர்களுக்குப் படம் கீறப் பழக்குகிறேன். ஞாயிறு காலையில் பார்கூர். பையில் தண்ணீர்ப் போத்தலும் துவாயும் இருக்கும். கூடவே விசிறி மடிப்பாக விரிகிற நீட்டுக் கொப்பி ஒன்றும், தூரிகைப் பேனாவும்.

எவ்ரியை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் லிஸ். பார்கூர் உருவானது இந்த இரண்டு ஊர்களிலும்தான். ஊர்களின் அமைப்பைப் பார்த்தால் அதில் ஆச்சரியம் எதுவும் தோன்றாது. பாரிஸைச் சுற்றி ஐந்து புதிய நகரங்களை அரசு அறுபதுகளில் திட்டமிட்டது. அவற்றில் எவ்ரி ஒன்று. கார் ஓடும் பாதையையும் ஆள் நடக்கும் பாதையையும் தனித்தனியே பிரித்துக் கட்டினார்கள். அதனால் ஊர் முழுக்க நடைமேம்பாலம், படிக்கட்டு, சரிவுப் பாதை, இடுப்பளவு மதில், இரும்புக் கைபிடி. 'லே பிரமிட்' குடியிருப்பில் வீடுகளே படிப்படியாக மேலேறிப் போகும். ஏரிக்கரைப் பூங்காவில் 'லா டாம் து லாக்' என்ற கொங்கிரீட் சிற்பம் நிற்கிறது. பியர் செக்கெலி என்ற சிற்பி எழுபதுகளில் ஆட்கள் ஏறிப் பழகுவதற்காகவே அதை அமைத்தார். எண்பதுகளின் கடைசியில் இங்கே வளர்ந்த பெடியன்கள் விளையாட்டு மைதானம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெடியன்களில் ஒருவர் டாவிட் பெல், 1973 இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் ரேமோன் பெல் 1939 இல் வியட்நாமின் ஹுவே நகரில் பிறந்தவர். போர் அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. டலாத் நகரில் இராணுவம் நடத்திய பள்ளியில் வளர்ந்தார். மற்றப் பிள்ளைகள் உறங்கியதும் எழும்பிப் போய், தடைதாண்டும் பாதையில் இருட்டில் தனியாக ஓடி, ஏறி, பாய்ந்து பழகினார் என்று மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யாரும் தன்னைத் துன்புறுத்த முடியாதபடி உடம்பைப் பலமாக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சிறுவனின் எண்ணம். போருக்குள் தனித்துப்போன பிள்ளை எதற்காக இரவில் ஓடிப் பழகும் என்று என் வயதுத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. பிரான்சுக்கு வந்த ரேமோன் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். 1969 ஜனவரியில் நோத்ர டாம் தேவாலயத்தின் கூர்ங்கோபுரத்தில் பறந்த வியட்கொங் கொடியை ஹெலிகொப்டரில் தொங்கியபடி கழற்றி எடுத்த வீரர் அவர்.

தகப்பனிடம் கேட்டதை மகன் லிஸ் மதில்களில் செய்து பார்த்தார். 1997 இல் டாவிட்டும் உறவினரும் நண்பர்களுமாக ஒன்பது பேர் யமகாசி என்ற பெயரில் குழுவானார்கள். கொங்கோவில் பேசும் லிங்காலா மொழிப் பெயர் அது. பலர் என்னைப் போலவே வேறு நாட்டில் வேர்விட்ட குடும்பத்துப் பிள்ளைகள். பிறகு வழி பிரிந்தது. டாவிட் பார்கூர் என்றார். செபஸ்தியன் ஃபூகான் தன் பாணியை ஃப்ரீரன்னிங் என்றார். மற்றவர்கள் 'ஆர் து தெப்லாஸ்மான்' (இடம்பெயரும் கலை) என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் தொடங்கிய ஏ.டி.டி. அகடமி இன்றும் பழக்குகிறது. 2001 இல் 'யமகாசி', 2004 இல் 'பான்லியூ 13', 2006 இல் 'கசினோ ரோயால்' என்று படங்கள் வந்தன. அந்தக் கடைசிப் படத்தின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பொண்டிடம் பிடிபடாமல் பாரந்தூக்கியின் மேல் ஓடுபவர் ஃபூகான். உலகத்துக்குப் பார்கூர் தெரியவந்தது அப்படித்தான்.

பேனா பிடிப்பவளுக்கு இந்த வரலாற்றில் இன்னும் பழைய கண்ணி ஒன்று முக்கியம். அதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

ரேமோன் ஓடிப் பழகிய இராணுவத் தடைப்பாதைக்குப் பின்னால் ஜோர்ஜ் எபேர் என்ற கடற்படை அதிகாரியின் (1875–1957) கருத்துகள் இருக்கின்றன. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து, சென்பியர் நகரமும் ஏறத்தாழ 30,000 உயிர்களும் அழிந்தபோது மீட்புப் பணியில் நின்றவர் என்று அவரைச் சொல்வார்கள். பிறருக்கு உதவுவதற்காகத்தான் பலம் வேண்டும் என்பது அவர் கொள்கை. நடத்தல், ஓடுதல், பாய்தல், நாலு காலில் போதல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகையாக உடற்பயிற்சியைப் பிரித்தார். எபேருக்கு முந்திய தலைமுறையில், பிரான்சின் உடற்பயிற்சியை அறிவியல் பக்கம் திருப்பியவர் ஜோர்ஜ் டெமெனி. இந்த டெமெனி யாரிடம் வேலை செய்தார் தெரியுமா? எத்தியென்-ஜூல் மரேயிடம். அசைவைப் படமெடுத்த மரேயிடம்.

மரே உடலியல் ஆய்வாளர். 1882 இல் பாரிஸின் மேற்கு ஓரத்தில், இன்றைக்கு ரோலன் காரோஸ் டென்னிஸ் அரங்கு இருக்கும் பக்கத்தில், ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். ஒரே கண்ணாடித் தகட்டில், சம இடைவெளி விட்டுப் பல தடவை ஒளியை விழவைத்து, ஓடும் மனிதனின் பல நிலைகளை அடுத்தடுத்துப் பதித்தார். அதில் ஒரு சிக்கல் வந்தது. உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கின. கை எது, கால் எது என்று தெரியவில்லை. 1883 வாக்கில் அவர் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் வியப்பு. ஆளுக்குத் தலை முதல் கால்வரை கறுப்பு உடை போட்டுவிட்டார். கை, கால் நெடுக வெள்ளைப் பட்டி ஒட்டினார். மூட்டுகளில் வெள்ளைப் பொட்டு. கறுத்த பின்னணிக்கு முன்னால் ஓடச் சொன்னார். தகட்டில் உடல் மறைந்துபோனது, கோடுகள் மட்டும் விழுந்தன. அந்தக் கறுப்பு உடையில் நிற்கும் டெமெனியின் புகைப்படம்கூட இருக்கிறது. ஒளிப்படக் கருவியைக் கொண்டே கோட்டோவியம் கீறிவிட்டார் மரே.

அந்தப் படம் ஒன்றின் அச்சுப் பிரதி என் மேசைக்கு மேலே தொங்குகிறது. ஒருவர் பாய்ந்து இறங்குகிறார். சம இடைவெளியில் பதிந்ததால், வேகமாகப் போகும் இடத்தில் கோடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். வேகம் குறையும் இடத்தில் நெருங்கி வரும். ஆகாயத்தில் கோடுகள் ஐதாக இருக்கின்றன. கால் தரையில் பட்டு முழங்கால் மடியும் இடத்தில் கோட்டின்மேல் கோடு அடர்ந்து கறுப்பே தெரியாமல் போகிறது. அந்த அடர்த்தியைப் பார்த்த பிறகுதான், எங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது.

இனி அந்த அடர்ந்த இடத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பழகத் தொடங்குபவர் பெரிய பாய்ச்சல் எதையும் செய்வதில்லை. நடைபாதையின் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு, அவ்வளவுதான். இரண்டு காலும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக இறங்க வேண்டும். முதலில் தொடுவது முன்பாதம், பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் மொத்தமான சதைத்திண்டு. குதிகால் முதலில் இறங்கினால் அதிர்ச்சி எலும்பு வழியே முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் நேரே ஏறும். முன்பாதம் முதலில் இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்று மூட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து வேகத்தைத் தின்றுவிடும். முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். உள்ளே சரிந்தால் மூட்டுச் சவ்வுக்கு ஆபத்து. ஒரேயடியாகக் குந்திவிடவும் கூடாது. எங்கள் பயிற்றுநர் சில நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், நாங்கள் பாய்வதைக் காதால் மட்டும் கேட்பார். 'சத்தம் கேட்டது, திரும்பச் செய்' என்பார். சத்தம் என்பது உடல் வாங்கிக்கொள்ளாமல் தரையில் கொட்டிய வேகம். 2013 இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இதை அளவுகோல் வைத்து அளந்தார்கள். வழக்கமாக இறங்குவதைவிடப் பார்கூர் முறையில் இறங்கும்போது தரை உடலைத் திருப்பி அடிக்கும் விசை குறைவு என்று கண்டார்கள்.

உயரத்திலிருந்து, முன்னோக்கிய வேகத்தோடு இறங்கினால் கால் மட்டும் போதாது, உருள வேண்டும். தலைக்கு மேலால் நேராகப் போடும் குட்டிக்கரணம் அல்ல இது. ஒரு தோளில் தொடங்கி, முதுகின் குறுக்கே சரிந்து, எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். முதுகெலும்பின் நெடுக உருளக்கூடாது. புல்லில் பழகிவிட்டுக் கொங்கிரீட்டுக்கு வரும்போது, உடம்பில் எந்த எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது என்று தரை மறைக்காமல் சொல்லிவிடும். அந்தச் சரிவுக் கோடு என் முதுகில் பதிந்த நாளிலிருந்து, உருள்பவரைக் கீறும்போது முதல் கோடு அதுதான். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரே இழுப்பு. கைகாலை அதில் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் பயம். "உனக்கென்ன பிள்ளை, பதினாறு வயசே? விழுந்து காலை முறிச்சால் ஆர் பாக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்பார். "அம்மா, இதில முதல் பழக்கிறதே எப்பிடி விழுறது எண்டுதான்" என்பேன். போனமுறை போயிருந்தபோது விறாந்தையில் பாய் விரித்து, தரையில் இருந்து கையூன்றி எழும்பவும், பக்கவாட்டில் மெல்லச் சரிந்து படுக்கவும் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். வயது போனவர்களுக்கு விழுவதைவிட விழுந்தபின் எழும்ப முடியாமல் கிடப்பது பெரிய கொடுமை. பார்கூரில் நான் படித்தவற்றில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

கீறும் வேலைக்கு வருகிறேன்.

பாய்பவர் நமக்காக நின்று தரமாட்டார். ஆனால் பார்கூர் பழகுபவர்களிடம் ஓவியருக்கு வாய்த்த பெரிய கொடை ஒன்று இருக்கிறது: அவர்கள் ஒரே பாய்ச்சலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒரு மதிலில் காலை முழுவதும் நிற்பார்கள். ஆகவே முதல் தடவை நான் கால்களை மட்டும் பார்ப்பேன். வேறெதையும் பார்க்க மாட்டேன். கீறுவேன். அடுத்த தடவை இடுப்பு. பிறகு தோளும் தலையும். பிறகு எட்டத்தில் இருக்கும் கை, சமநிலைக்காக அது எந்தப் பக்கம் வீசப்பட்டது என்று. இப்படிச் சேர்ந்த ஓர் உருவம் ஒரு பாய்ச்சலுக்கு உரியதல்ல, பல பாய்ச்சல்களிலிருந்து கூடியது. அந்த உருவம் காட்டும் நிலையில் அந்த ஆள் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை.

அப்படியானால் அது பொய்யா? இதே கேள்வியைச் சிற்பி ரோடன் நூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்துப் பேசியிருக்கிறார். 1878 இல் மைப்ரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையைப் படமெடுத்துக் காட்டியதும் பழைய ஓவியங்கள் எல்லாம் தவறாகிப் போயின. லூவரில் இருக்கும் ஜெரிக்கோவின் 'எப்சம் குதிரைப் பந்தயம்' 1821 இல் தீட்டியது. அதில் குதிரைகள் முன்கால்களையும் பின்கால்களையும் ஒரேநேரத்தில் நீட்டிப் பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. நாலு காலும் தரையை விட்டு எழுவது உண்மை, ஆனால் அப்போது அவை வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும். இருந்தும் ரோடன் ஜெரிக்கோவின் பக்கம் நின்றார். 1911 இல் நூலாக வந்த உரையாடல்களில் அவர் சொல்வதன் சாரம் இது: காலம் எங்கும் உறைந்து நிற்பதில்லை, அதை உறையவைக்கும் புகைப்படமே பொய், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறுவதைக் காட்டுகிற கலைஞனே உண்மை சொல்கிறான். உதாரணத்துக்கு, பாரிஸ் லுக்சம்பூர்க் தோட்டத்துக்குத் தெற்கே நிற்கும் மார்ஷல் நே சிலையை எடுத்துக்கொண்டார். 1853 இல் ரூட் வடித்தது. காலும் உறையைப் பிடித்த கையும் வாளை உருவத் தொடங்கிய கணத்தில் நிற்கின்றன. உயர்ந்த வலக்கையும் கத்தும் வாயும் அதற்குப் பிந்திய கணத்தில். கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போகும்போது நம் கண்ணுக்குள்ளே அந்த ஆள் அசைகிறார்.

கொப்பியோடு அந்தச் சிலையடிக்குப் போய் நின்று பார்த்திருக்கிறேன். ரோடன் சொன்னது சரி.

இதே ரோடன் நம்முடைய நடராசரையும் பார்த்தவர். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்கள் அவர் கையில் கிடைத்தன. அவற்றைப் பார்த்து உருகி எழுதிய கட்டுரை அவர் இறந்தபின் 1921 இல் வெளிவந்தது. பாரிஸில் கிமே அருங்காட்சியகத்திலும் சோழர்காலச் செப்பு நடராசர் ஒருவர் இருக்கிறார். மழை நாட்களில் நான் போய் உட்காரும் இடம் அது. வருகிறவர்கள் தூக்கிய திருவடியையும் நெருப்பேந்திய கையையும் பார்க்கிறார்கள். நான் முயலகன் மேல் ஊன்றிய வலதுகாலைத்தான் பார்ப்பேன். அந்த முழங்காலின் மடிப்பைப் பாருங்கள். முழு உடலின் பாரமும் சுழற்சியும் அதற்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஒரு காலை நேராக நிமிர்த்தி வடித்திருந்தால் ஆட்டம் நின்றுபோயிருக்கும். அந்தச் சோழநாட்டுச் சிற்பிக்குப் பாரம் எங்கே இறங்குகிறது என்பது தெரிந்திருந்தது.

கையில் தூரிகைப் பேனா வைத்திருப்பதற்குக் காரணமும் பாரம்தான். அழுத்தினால் மொத்தமாகவும், தூக்கினால் மயிரிழையாகவும் வரும். முதலில் அசையாதவற்றைக் கீறிவிடுவேன்: மதில், கைபிடி, தரை. மதில் இல்லாத பாய்ச்சலுக்கு அளவு கிடையாது. பிறகு பின்மண்டையில் தொடங்கி முதுகுவழியே இறங்கி, பாரம் தாங்கும் பாதத்துக்கு ஒரே கோடு. பாதத்துக்கு வரும்போது அழுத்துவேன்; மை தேங்கும். தேங்கட்டும்.

பாரம் எங்கே இறங்குகிறது என்பது ஒவ்வோர் அசைவுக்கும் வேறு. 'சோ து ஷா' என்று ஒன்று உண்டு. மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றி, கைகளுக்கு நடுவால் முழங்கால்களை எடுத்துக்கொண்டு தாண்டுவது. அதில் பாரம் மணிக்கட்டில். உள்ளங்கை கல்லில் தட்டையாகி, விரல் நுனிகள் வெளுத்து, தோள் கைகளைத் தாண்டி முன்னே வந்திருக்கும். அந்தத் தோளை ஓர் அங்குலம் பின்னுக்குக் கீறினால் ஆள் மதிலில் சாய்ந்து ஓய்வெடுப்பவர் ஆகிவிடுவார். 'சோ து ப்ரா' வேறு வகை. எதிர்ச் சுவரை நோக்கிப் பாய்ந்து அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்குவது. பெயரைக் கேட்டால் எல்லாம் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் சுவரில் முதலில் படுவது கால்தான். ஒரு பாதம் மேலே, மற்றது சற்றுக் கீழே. கால் அடியை வாங்கிய பிறகு கை விளிம்பைப் பிடிக்கிறது. கைகள் நேராக நீண்டிருக்கும், இடுப்பு சுவரை விட்டுத் தள்ளித் தொங்கும். அடிப்பாகம் மெல்லிய சப்பாத்துகளைத்தான் நாங்கள் போடுவோம். சுவரில் படும்போது விரல்களுக்குக் கீழே அது மடிந்து ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் ஒரு சின்னக் கோடுதான். அதைப் போடாவிட்டால் ஆள் சுவரில் ஒட்டவில்லை.

அண்ணாவின் மகனும் எங்களோடு பழகுகிறான். தன்னைக் கீறிய பக்கத்தை ஒருநாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமி, என்ர கால் இவ்வளவு பெரிசோ? தலை ஒரு பொட்டு மாதிரிக் கிடக்கு."

"நீ பாயேக்க உன்ர பாரம் எங்கயடா இருந்தது?"

யோசித்தான். "காலிலதான்."

"அதைத்தான் கீறினனான்."

பிறகு அவன் போய் அதே பாய்ச்சலைச் செய்துவிட்டு வந்து, வலது குதிகால் தரையில் தட்டுகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். தட்டியது. படத்தில் வலது பக்க மை நீண்டு போயிருந்தது. அன்றிலிருந்து குழுவில் சிலர் கைப்பேசிக் காணொளியோடு என் கொப்பியையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். காணொளி எல்லாவற்றையும் காட்டும். பின்னால் போகும் நாயையும் சட்டையின் எழுத்தையும் கால்விரலையும் ஒரே மதிப்பில் காட்டும். கீறியவர் எதை விட்டார், எதை வைத்தார் என்பதில்தான் திருத்துவதற்கான செய்தி இருக்கிறது.

பார்கூரில் அதிக நேரம் எடுப்பது பாய்ச்சல் அல்ல, நிற்பது. இதை வெளியார் கவனிப்பதில்லை. புதிய பாய்ச்சல் ஒன்றுக்கு முன்னால் ஒருவர் விளிம்பில் கால்மணி நேரம் நிற்பார். இடைவெளியைச் சப்பாத்தின் நீளத்தால், குதிகாலும் விரலும் முட்ட அடிவைத்து அளந்திருப்பார். அதே தூரத்தைச் சமதரையில் பாய்ந்து பார்த்திருப்பார். உடம்பால் முடியும் என்று தெரியும். கைபிடி ஆடுகிறதா, மதில் ஈரமா, கல் பெயர்ந்திருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்திருப்பார். இருந்தும் கால் எழும்பாது. இந்த நிலையை யாரும் அங்கே அவசரப்படுத்துவதில்லை. பாயாமல் இறங்கிப் போவதற்கும் முழு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காகவே எனக்கு இந்தக் கூட்டத்தைப் பிடித்தது.

விளிம்பில் நிற்பவரைக் கீற எனக்குப் பேராசை. அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்கும். பயம் மேலோங்கும்போது பாரம் குதிகாலுக்குப் போகும். இடுப்பு பின்வாங்கும், கைவிரல்கள் தொடையைத் தேடும். முடிவெடுத்துவிட்டால் பாரம் விரல்களுக்கு வரும், மூச்சு இறங்கும், கைகள் பின்னுக்குப் போகும். முதுகுக் கோடு நிமிர்விலிருந்து வில்லாக வளையத் தொடங்கும். அந்த மாற்றம் கொப்பியில் விழும்போது அவர் பாயப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும், சில நேரம் அவருக்கே தெரிவதற்கு முன்னால். நான் விளிம்பில் நிற்கும்போதும் இப்போது என் குதிகாலைத்தான் கேட்கிறேன். அங்கே பாரம் இருந்தால் இறங்கிப் போய்விடுவேன்.

2017 இல் பிரித்தானியா பார்கூரை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. 2018 இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பழகுபவர்கள் பலர் எதிர்த்தார்கள். 2022 இல் டோக்கியோவில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது, வேகம் ஒரு பிரிவு, சுதந்திர அசைவு ஒரு பிரிவு. போட்டியில் பிள்ளைகள் காட்டும் திறமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் என் மனம் எதிர்த்தவர்கள் பக்கம்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் புள்ளி எண்ணும்போதும் ஒருவர் விளிம்பில் கால்மணி நேரம் நிற்க முடியாது. நிற்க முடியாத இடத்தில் பாயாமல் போகும் உரிமையும் இல்லை.

கீற ஆசைப்படுபவர் இதற்காக எவ்ரிக்கு வர வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலோ, சென்னையில் மின்சார ரயில் நிற்கும் எந்த நிலையத்திலோ ஓர் ஓரமாக நில்லுங்கள். இறங்குகிறவர்களின் கால்களை மட்டும் பாருங்கள். வண்டி நின்றபின் இறங்குபவர், நிற்குமுன் இறங்குபவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கும் பெண், கைத்தடியோடு இறங்கும் முதியவர். எந்தக் காலில் பாரம் விழுகிறது, எந்த முழங்கால் முதலில் மடிகிறது என்று பார்த்து, பேனாவைத் தூக்காமல் ஒரு கோடு. பாரம் இறங்கும் இடத்தில் நன்றாக அழுத்துங்கள். பெரிய காகிதமும் விலைகூடிய மையும் தேவையில்லை, சிட்டையின் பின்பக்கம் போதும். முகத்தைக் கடைசியில் போடுங்கள். பல நேரம் அது தேவைப்படாது.